நாய் இறங்காத புல்

ராஜபாளையம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள மகள் பியூலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டு, அது எம்புட்டு உண்மை என்று செத்த நேரம் யோசித்தேன். நான் சுகம். நம்ம நாய் லில்லி சுகம், போன மாசம் முடி கொட்டினது நின்று இப்போது வெள்ளைவெளேரென்று பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கருத்தப்பாண்டி அண்ணனும் மாரிசெல்வி அக்காவும் சுகம், அவர்கள் சண்டையும் சுகம். மீதி இருப்பது உங்கப்பா. அவரும் சுகம் என்றுதான் சொல்கிறார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த மஸ்கட் வெயிலில் நல்லபடியாக இருக்க ஜெபம் பண்ணிக்கொண்டேதான் இருக்கிறேன். பயப்படாதே என்று முதல் வரியிலேயே எழுத நினைத்தேன், நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு அப்படி எழுதினால் அடுத்த வரியைப் படிக்காமலே பெட்டியைக் கட்டுவாய் என்று விட்டுவிட்டேன். தினமும் போனில் பேசுகிறோமே, அம்மாவுக்கு என்ன திடீரென்று கடுதாசி எழுதுகிற கிறுக்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசினால் உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டு நடுவீட்டில் வைத்துவிட்டு, வானொலி கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறார். கூடவே நான் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன், பாப்பாகிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றார், சரி என்று தலையாட்டினேன். போனில் என்றுதானே சொன்னார். கருத்தப்பாண்டி அண்ணன் மகள் ஜெயசித்ரா லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள், அவளிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். முதலில் பால்கோவா பெட்டிக்கு அடியில் வைக்கலாம் என்று பார்த்தேன். அது இந்த வீட்டில் பூட்டிவைத்தாலும் உங்கப்பா கைக்குத் தப்பாத பொருள். அதனால் சுண்டைவத்தல் பொட்டலத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன், அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கடுதாசி கசந்தால் அதற்கு வத்தல்தான் காரணம் என்று நினைத்துக்கொள்.

போன தடவை வந்தபோது மாப்பிள்ளை சதீஷ் முன்வாசல் புல்லுக்கு ஸ்பிரிங்ளர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாரே, அங்கேயிருந்துதான் கதை ஆரம்பம். மாப்பிள்ளை செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை, இதை நீ அவரிடம் சத்தமாகவே வாசித்துக் காட்டலாம். பாலைவனத்தில் ரோட்டோரம் புல் வளர்க்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவர், நம்ம வீட்டுக் கையகலப் புல்லுக்கு என்ன குறை வைக்கப் போகிறார். காலையில் டைமர் பெட்டி டிக்கென்றதும் புல்லுக்குள் பதுங்கியிருந்த குழாய்த் தலையெல்லாம் எழும்பி நின்று சுற்றிச் சுற்றித் தண்ணீர் துப்புவதைப் பார்த்து, தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நான் அதுகளுக்குத் தவளை என்று பேர் வைத்தேன், இப்போது உங்கப்பாவும் அப்படித்தான் சொல்கிறார். ரிட்டயர் ஆன பிறகு மனுசனுக்கு அந்தத் தவளைகள்தான் பிள்ளைகள். நம்ம போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதால் தவளை வாயெல்லாம் சுண்ணாம்பு கட்டி அடைத்துக்கொள்ளும், கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு, பழைய பல்விளக்கும் பிரஷால் தேய்த்து, திரும்ப மாட்டுவார். ஒருநாள் ஊறவைத்திருந்ததைப் பார்க்காமல் நான் அந்தச் சாற்றில் சர்பத் போட்டு அவருக்கே கொடுத்துவிட்டேன், நல்லாயிருக்கு, கொஞ்சம் மண்வாசனை அடிக்குது என்று குடித்துவிட்டார். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது, புல் வளர்ந்து தவளையை மூடாமல் சுற்றிலும் கத்தரிப்பது, தண்ணீர் தெருவுக்குப் போகாமல் தவளை மூஞ்சியைத் திருப்பி வைப்பது, எல்லாம் நியமமாகச் செய்தார். ஒரே ஒரு தடவை ஒரு தவளை மூஞ்சியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார், கருத்தப்பாண்டி அண்ணன் சம்பந்தி வீட்டுக்கென்று வெள்ளை வேட்டி கட்டிப் புறப்பட்ட நேரம், இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்து, இந்த வயசுல ஊர் என்ன நினைக்கும் ஐயாதுரை என்று உங்கப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார். காலையில் வெறுங்காலோடு ஈரப் புல்லில் நடந்தால் சுகர் இறங்கும் என்று நடைபயிற்சிக் கூட்டாளி யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதிலிருந்து தவளைகள் துப்பத் துப்ப நடுவிலே உங்கப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரவுண்டு வருவார். பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. நானும் வாசல்படியில் காப்பியோடு உட்கார்ந்து கேலி பண்ணிக்கொண்டிருந்தேன்.

பொறவுதான் அந்த வால்வு கெட்டது. தண்ணீரைத் திறந்து மூடுகிற அந்த வால்வு சரியாக மூடாமல், தவளைகள் தூங்கும்போதும் வாயில் எச்சில் ஒழுகுகிற மாதிரி ஒழுகிக்கொண்டே இருந்தது, ஒரு மூலையே சேறாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டால் சரியானதை அனுப்பிவைப்பார், அதைத்தான் நான் சொன்னேன். உங்கப்பாவுக்குக் கௌரவம் இடித்தது. சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனியில் ஆயுசு முழுக்க மெசின் பார்த்தவன், ஒரு வால்வுக்கு மாப்பிள்ளைகிட்டக் கைநீட்டவா என்று கிளம்பிப் போய், பஜாரில் வாசிங் மெசினுக்குள் போடுகிற வால்வு ஒன்றை வாங்கி வந்துவிட்டார். மாப்பிள்ளை பெட்டியிலிருந்து போவது சின்னக் கரண்ட், கையில் பட்டாலும் கடிக்காது என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த வாசிங் மெசின் வால்வுக்கோ வீட்டுக் கரண்டே வேண்டுமாம். ஜன்னல் வழியே ஒரு வயரை இழுத்து, மண்ணுக்குள் விட்டு, ஒட்டுப் போட்டு, டேப் சுற்றினார். டேப்போடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நம்ம வீட்டில் எதற்கும் கடைசி மருந்து என்ன, பேண்டேஜ் துணிதானே. கம்பெனியில் கழித்த ரோல்களைக் கொண்டுவந்து பரண் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார், நாம் காப்பி வடிகட்டுவதும் அதில்தான், பல்லிக்குப் பயந்து பால் சட்டி மூடுவதும் அதில்தான், உன் தலைக்குப் பூக் கட்டியதும் அதன் நூலில்தான். அந்தப் பழக்கத்தில் வயர் ஒட்டுக்கும் பேண்டேஜைச் சுற்று சுற்றென்று சுற்றி, உடைந்த கைக்குக் கட்டுப் போட்ட மாதிரி முடிச்சும் போட்டு, மேலே ஒரு பால் கவரை மாட்டிப் புதைத்தார். உலகத்திலேயே ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே நெய்கிற துணி அது. அதை நெய்கிற மெசினையே காலமெல்லாம் பார்த்த மனுசனுக்கு அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கும் வரவில்லை, முடிச்சு அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னேன். கரண்ட் கசிந்தால் வீட்டு லைனையே நிறுத்துகிற டிரிப்பர் ஒன்று மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது நாலைந்து நாளில் தட்டிவிட ஆரம்பித்தது. தவளை எழும்புகிற நேரமும் நான் சட்னி அரைக்கிற நேரமும் ஒன்று, பாதிச் சட்னியில் மிக்சி நின்றுபோகும், நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். என் வாய்க்குப் பயந்து அந்த டிரிப்பரைக் கழற்றிவிட்டு வயரை நேராகக் கொடுத்துவிட்டார். சட்னி நன்றாக அரைபட்டது. அதை இட்லிக்குத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம்.

முதலில் தெரிந்தது லில்லிக்குத்தான். தவளைகளைத் துரத்திக் கடிப்பதே வேலையாக இருந்த நாய், திடீரென்று புல்லில் கால் வைக்க மாட்டேன் என்றது. சிமெண்டுப் பாதையோடு நின்றுகொண்டு உங்கப்பாவைப் பார்த்துக் குரைக்கும், முனகும், நடுங்கும். மைனாக்கள் குளிக்க வருமே, அதுவும் வரவில்லை. மாரிசெல்வி அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நாய் கண்ணுக்கு மட்டும் தெரியுற ஒண்ணு அங்க நிக்கி, நீங்க வேதக்காரவுக நம்ப மாட்டிய, ஆனாலும் ஒரு எலுமிச்சம்பழம் அறுத்துப் போடுங்க என்றாள். எங்கள் ஜெபக்குழுப் பெண்களோ அதைக் கேட்டுவிட்டு வந்து புல்லைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள், நல்லவேளை யாரும் செருப்பைக் கழற்றிப் புல்லுக்குள் இறங்கவில்லை, அதைத்தான் நான் இப்போது பெரிய அற்புதமாக நினைக்கிறேன். நான் என் பங்குக்குப் பாம்பு என்று முடிவு கட்டினேன். ராஜபாளையத்து நாய் பாம்புக்கெல்லாம் பயப்படாது என்று தெரிந்தும், பாம்பு என்றால் ஒரு வகையில் நிம்மதி, தடியை எடுக்கலாம். பொறவு ஒருநாள் காலையில் தவளைகள் துப்பிக்கொண்டிருக்க, உங்கப்பா நடுவில் ரவுண்டு போய்க்கொண்டிருக்க, கொடியிலிருந்து பறந்து விழுந்த துண்டை எடுக்க நான் செருப்பில்லாமல் புல்லில் ஒரு கால் வைத்தேன். உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை சுர்ரென்று ஏறியது, ஆயிரம் கட்டெறும்பு ஒரே நேரத்தில் கடித்த மாதிரி. அப்படியே பின்னால் சிமெண்டில் விழுந்தேன், விழுந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. ஏங்க கரண்டு, ஏங்க வெளிய வாங்க என்று கத்துகிறேன், அவர் சேற்று மூலையில், அந்த வால்வுக்குப் பக்கத்திலேயே, கணுக்கால் ஈரத்தில் நின்றுகொண்டு, எனக்கு ஒண்ணும் தெரியலையே, உனக்கு நரம்புத் தளர்ச்சிட்டி என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு என் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. எழுந்து ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.

வெளியே வந்ததும் என்னோடு சண்டை. என்னை நம்பாமல் டெஸ்டரை எடுத்து, செருப்புப் போட்டுக்கொண்டு போய், என்னை மெயினைப் போடச் சொல்லி, சேற்றில் குத்தினார். டெஸ்டருக்குள் சின்னதாகச் சிவப்பு எரிந்தது. மெயினை இறக்கச் சொல்லிவிட்டு அவரே தோண்டி அந்தக் கட்டை எடுத்தார், பேண்டேஜ் தண்ணீரைக் குடித்து உப்பிப்போய், உள்ளே கறுத்து, கருகின வாடை அடித்தது. அன்றைக்கே மெயின்ரோட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வயர் முழுவதையும் பிடுங்கிவிட்டோம், டிரிப்பரைத் திரும்ப மாட்டியாகிவிட்டது, நானே அதன் பட்டனை அமுக்கித் தட்டிவிடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். அதனால் கரண்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அது முடிந்தது. எனக்கு முடியாதது வேறு. ஆபத்து போய்விட்டது என்று ஆறுதலாக அடுப்படியில் நின்றபோதுதான் அது மண்டையில் அடித்தது. புல்லின் ஓரத்தில் கால் வைத்த எனக்கு உயிர் போனது, நடுவில் நின்ற அவருக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை. யானைத் தோல் என்று முதலில் கேலி பண்ணத்தான் வாய் வந்தது. பொறவு அந்தச் செருப்புக் கதை ஞாபகம் வந்தது. சர்ச் வாசலில் ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு, இன்னொரு கால் வெறுங்காலாக, சித்திரை வெயிலில் கொதிக்கிற கல்லில் வண்டி வரைக்கும் நடந்து வந்தாரே, பிரசங்கத்தில் அம்புட்டு லயித்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன், உன்னிடமும் சொன்னேன், நீயும் சிரித்தாய். அது பிரசங்கம் இல்லை, பியூலா. சாயங்காலம் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, கண்ணை மூடுங்க, ஒரு விளையாட்டு என்று சொல்லி விளக்குமாற்று ஈர்க்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈர்க்கை ஆகாயத்தில் வைத்துக்கொண்டு, தொடுதா என்று கேட்டேன், ஆங், இப்பத் தொடுதே என்றார். பொறவு உள்ளங்காலில் ஈர்க்கு வளைகிற வரை அழுத்தினேன். எப்பத்தாண்டி தொடுவே என்று கேட்டார்.

இன்னும் இருக்கிறது, நர்ஸம்மா, உட்கார்ந்துகொண்டு படி. இந்தப் புழுக்கத்தில் கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தார், கேட்டால் ரிட்டயர் ஆன ஆபீசர் ஸ்டைல் என்பார். காப்பி வடிகட்ட வைத்திருந்த பேண்டேஜ் ரோலும் வரவரச் சின்னதாகிக்கொண்டு வந்தது, எலி இழுக்கிறது என்று நினைத்து நான் பொறி வைத்தேன். அந்த ராத்திரியே சாக்ஸைப் பிடித்து உருவினேன். பெருவிரலுக்குக் கீழே கட்டு, அதே அழகான முடிச்சு. விளிம்பு உடைந்த தவளை ஒன்று இருந்தது, அதில் மிதித்திருக்கிறார், எப்போது மிதித்தார் என்று அவருக்கே தெரியாது, வீட்டுக்குள் தரையில் ரத்தத்தைப் பார்த்து முதலில் லில்லியின் காலைத்தான் தூக்கிப் பார்த்தாராம். புண் சின்னதுதான், ஆனால் ஓரம் வெளுத்து, நடுவில் குழியாக இருக்கிறது, கட்டை அவிழ்த்ததும் ஒரு வாடை வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், உன் பெரியப்பா கட்டில் பக்கத்தில் நாம் இரண்டு பேரும்தானே உட்கார்ந்திருந்தோம். அவருக்கும் இதே சுகரால் ஒரு விரலில் வெட்ட ஆரம்பித்து முழங்காலில் வந்து நின்றது. அதைப் பார்த்ததிலிருந்து உங்கப்பாவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது, டாக்டர் காலைப் பாக்க மாட்டான், ரம்பத்தைத்தான் தேடுவான் என்கிறார். பெருமாள் கோயில் தேர் மாதிரி அசைக்க முடியவில்லை. நான் அழுதும் பார்த்தேன், சோறு போட மாட்டேன் என்றும் பார்த்தேன், அவரே எனக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டார், உப்புக்கூடச் சரியாக இருந்தது. அப்போதுதான் பாப்பாகிட்டப் போன்ல சொல்லக் கூடாது, சொன்னா மறு பிளேன்ல வந்து என்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போயிருவா என்று வாக்கு வாங்கினார். எனக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோசம்தான், அவர் பயப்படுகிறதற்கு இன்னும் ஒரு ஆள் மிச்சம் இருக்கிறதே என்று.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஜெயசித்ரா பொட்டலத்தைக் கொடுத்ததும், இதைப் படித்துவிட்டு, அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு வீடியோ போன் போடு. எடுத்த எடுப்பில் காலைப் பற்றிப் பேசாதே. மாப்பிள்ளை ஸ்பிரிங்ளர் எப்படி ஓடுதுன்னு கேக்காவ, ஒவ்வொரு தவளையாக் காட்டுங்க என்று சொல். அவருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும், போனைக் கையில் பிடித்துக்கொண்டு புல்லோரத்துக்கு ஓடுவார். காமிரா கீழே தவளையைப் பார்க்கும்போது, அப்படியே நிறுத்துங்க, செருப்பைக் கழற்றுங்க, கட்டை அவிழ்த்துக் காட்டுங்க என்று உன் ஆஸ்பத்திரிக் குரலில் சொல், அப்பா என்று கொஞ்சாதே. நான் சொன்னால் பெண்டாட்டி தொணதொணப்பு, நீ சொன்னால் டூட்டி டாக்டர். கால் புண் பார்க்கிற டாக்டர் ஒருவர் செவ்வாய்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார், நான் போய் விசாரித்து வந்துவிட்டேன், வேண்டியது எல்லாம் அவரைப் பஸ் ஏற்றுவதுதான். பால்கோவா வாங்கித் தருகிறேன் வாங்க என்று நானே கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். கலியாணமான நாளிலிருந்து பால்கோவாவைக் கையிலிருந்து பிடுங்குகிறவள் நான், நானே வாங்கித் தருகிறேன் என்றால் டாக்டர் எனக்கு எத்தனை நாள் கெடு சொல்லியிருக்காவன்னு நேராச் சொல்லிரு என்று கேட்பார். மாப்பிள்ளையிடம் வால்வு அனுப்பச் சொல், சின்னக் கரண்டில் ஓடுவது, ஆனால் மாமா கேட்ட மாதிரி இருக்க வேண்டாம், கம்பெனியில் மிச்சமாகக் கிடந்தது என்று சொல்லி அனுப்பட்டும். உன் காலையும் பார்த்துக்கொள், நாள் முழுக்க நிற்கிற வேலை.

இப்போது அந்தக் கரண்ட் வால்வு இல்லை, காலையில் குழாயைக் கையால் திறப்பது நான். தவளைகள் எழும்பினதும் முதலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்குகிறேன், கரண்ட் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் முதலில் பெருவிரல் நுனியை மட்டும்தான் வைத்துப் பார்க்கிறேன். என் பின்னால் லில்லி இறங்குகிறது. உங்கப்பா சாக்ஸும் செருப்புமாக வாசல்படியிலேயே நிற்கிறார், நான்தான் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அதை மட்டும் கேட்கிறார். தண்ணி சில்லுன்னு இருக்கா என்று அங்கே இருந்து கேட்பார். ஆமா, நல்லா சில்லுன்னு இருக்கு என்பேன். நேற்றும் அப்படித்தான் கேட்டார், சொன்னேன். பொறவு, முன்னால நான் நடக்கும்போதும் அப்படித்தான் இருந்துச்சா என்று கேட்டார். நான் தவளைக்குப் பக்கத்தில் குனிந்து புல் பிடுங்குகிற மாதிரி இருந்துவிட்டேன்.

தேவன் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறைவும் இல்லாமல் காத்து, உங்கள் கையின் வேலைகளை ஆசீர்வதிப்பாராக. வத்தலை வெயிலில் ஒரு தரம் காயவைத்துவிட்டு வறு. இந்தக் கடுதாசியைக் கிழித்துப்போடு. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் போன் போட மறந்துவிடாதே, மகளே.

உன் நல்ல காலத்துக்காக எந்நேரமும் மன்றாடும் அம்மா,
ஐ. ஞானபாக்கியம்